பின்பாட்டுக்கு விட்ட இடம்

டெல்ஃபா ஸ்லோனின் இசைத்தட்டில் பதினோரு பாட்டுகள். பத்துப் பாட்டைப் பற்றி இன்றுவரை யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. அந்தப் பதினோராவது பாட்டுதான் ஒரு வயிற்றில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் பத்தொன்பது வருஷம் பிரித்து வைத்தது.

கென்டக்கி மலைக்குள்ளே, நிலக்கரி லாரி ஓடி ஓடித் தார் பெயர்ந்த சாலை முடிகிற இடத்தில் எங்கள் ட்ரைஃபோர்க் ஓடை. டெல்ஃபா அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் லாரி ஓட்டுகிற லான்சோவைக் கட்டிக்கொண்டாள், அங்கிருந்த பள்ளிக்கூடத்துச் சமையலறையில்தான் இருபத்தெட்டு வருஷம் பீன்ஸ் வேகவைத்துச் சோள ரொட்டி சுட்டாள். ஆள் பெரிய அழகி ஒன்றும் இல்லை. நெட்டையான உடம்பு, எலும்பு தெரிகிற முகம், கோபம் மூக்கு நுனியில். ஆனால் குரல் என்று ஒன்று இருந்ததே! அடித்தொண்டையில் தொடங்கி மேலே ஏறும்போது ஓர் இடத்தில் அது உடையப் போவது போல நடுங்கும். உடையாது. கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்குத்தான் நெஞ்சு உடையும். மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கிற பிள்ளைகள், அவள் பானைக்குப் பின்னால் முணுமுணுக்க ஆரம்பித்தால் தட்டைத் தட்டுவதை நிறுத்திவிடுவார்கள். வாத்தியார்களுக்கு அந்த வரம் கிடையாது.

அந்தக் குரல் வளர்ந்த இடம் எங்கள் சபை. எங்களுடையது பழைய முறை பாப்டிஸ்ட் சபை. கிதாரும் கிடையாது, பியானோவும் கிடையாது. ஒருவர் எழுந்து நின்று ஒரே மூச்சில் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். அவர் நிறுத்தியதும் மொத்தச் சபையும் அந்த அடியை வாங்கி, இழுத்து, நெளித்து, மெதுவாகப் பின்பாட்டாகப் பாடி முடிக்கும். அது முடிந்த பிறகுதான் அடுத்த அடி. எடுத்துக் கொடுப்பது ஆண்கள் வேலை. பெண்கள் பின்பாட்டோடு சரி. டெல்ஃபாவின் அண்ணன் எஸ்டில் நாற்பது வருஷமாக எங்களுக்கு அடி எடுத்துக் கொடுத்தவன். அவன் ஆரம்பிப்பான், பெண்கள் பெஞ்சிலிருந்து டெல்ஃபா அதைத் தூக்குவாள், கூரைத் தகரம் அதிரும். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட மாட்டார்கள், அத்தனை பழக்கம்.

1957 வெள்ளத்தில் அவர்களுடைய அம்மா செத்துப்போனாள். கல்லறை ஓடைக்கு அக்கரையில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து பார்த்தால் பாலத்தைக் காணோம். வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வேறு வழியில்லாமல் கரையோரச் சோளக் கொட்டகையில் பெட்டியை இறக்கினார்கள். தண்ணீர் வடிகிற வரைக்கும் இரண்டு நாள் அண்ணனும் தங்கையும் அந்தப் பெட்டிக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே டெல்ஃபாவின் வாயில் ஒரு பாட்டு தானாக வந்தது. அடக்கம் முடிந்த பிறகு அதை அவள் யாரிடமும் பாடிக் காட்டவில்லை. பீன்ஸ் கிளறும்போது தனக்குத்தானே பாடிக்கொண்டாள்.

வீட்டுக்குள் கிதார் வாசிப்பதையும் வானொலியில் நாட்டுப்புறப் பாட்டு பாடுவதையும் சபை கண்டும் காணாமலும் விட்டுவிடும். அதனால் சனிக்கிழமை காலைகளில் மாவட்ட வானொலியில் அவள் பாட ஆரம்பித்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. 1971இல் நகரத்திலிருந்து ப்ரூவிட் என்ற ஒலிப்பதிவுக்காரர் வந்து, “உங்க குரல்ல ஒரு ஆல்பம் போடுவோம்மா” என்று கேட்டார். லான்சோதான் துள்ளிக் குதித்தான்.

“போடி, போய்ப் பாடிட்டு வா. நான் ரெண்டு நாள் என் கையால சமைச்சுத் தின்னுக்கிறேன்.”

“அப்ப நான் வர்றப்ப வீடு இருக்குமா?” என்று டெல்ஃபா கேட்டாள்.

பத்துப் பாட்டு ஒன்றரை நாளில் முடிந்தது. பிடிலும் கிதாரும் பின்னால் ஓட, அவள் ஒரு தரம் பாடியதை இரண்டாம் தரம் பாடவேண்டிய தேவையே வரவில்லை. வாத்தியக்காரர்கள் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தட்டில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம். “தனியா ஏதாவது பாடுறீங்களா?” என்றார் ப்ரூவிட். டெல்ஃபா கண்ணை மூடிக்கொண்டாள்.

*ஓடையிலே வெள்ளம், அக்கரையில் கல்லறை*

பாடினாள். நிறுத்தினாள். ப்ரூவிட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார். ஐந்து நொடி, பத்து நொடி. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று இயந்திரத்தை நிறுத்தக் கை நீட்டினார். இருபது நொடி ஆனதும் அடுத்த அடி வந்தது.

*அம்மா இக்கரையில் காத்துக் கிடந்தாள்*

மறுபடியும் நிறுத்தினாள்.

“ஏம்மா, நடுவுல நடுவுல எங்க போயிடுறீங்க?” என்று கேட்டார் அவர், எல்லாம் முடிந்த பிறகு.

டெல்ஃபாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தான் நிறுத்தியது அவளுக்கே தெரியாது. அவள் காதில் பெண்கள் பெஞ்சு பாடிக்கொண்டிருந்தது. அது முடிய வேண்டாமா? நிறுத்தாமல் பாடிப் பார்க்கச் சொன்னார். பார்த்தாள். முதல் அடி முடிந்து இரண்டாவதுக்கு வாயெடுத்தால் பாட்டு வரவில்லை. மூன்று தரம் முயன்றும் நடக்கவில்லை.

“சரி விடுங்க. அந்த வெத்து இடத்தையெல்லாம் நான் வெட்டி ஒட்டிடுறேன்.”

“வெத்து இடம் இல்லைங்க அது. அவங்க பாடுற இடம். அதை வெட்டுறதா இருந்தா என் பத்துப் பாட்டையும் சேர்த்து வெட்டிப் போட்டுடுங்க.”

ஒலிப்பதிவுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே விட்டார்.

நீலப் பூப்போட்ட சட்டையில் அவள் நிற்கிற படத்தோடு தட்டு வந்தது. பெட்ரோல் நிலையத்துக்காரர் பர்லி தன் கல்லா மேசையில் அடுக்கி வைத்தார். ஒரு வாரம் ஊரே அதைப் போட்டுக் கேட்டது. இரண்டாவது வாரம் ஒவ்வொருவராகத் தட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

“டெல்ஃபா, உன் தட்டு செத்துப் போவுது, அப்புறம் உசுரோட வருது,” என்றார் பர்லி. “எட்டு பேரு மாத்திக் குடுன்னு வந்து நிக்கிறாங்க. மாத்திக் குடுத்தேன். அதுவும் சாவுது!”

அவள் சிரித்தாள். ஆனால் சபைக்காரர்கள் யாரும் தட்டைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. அந்த மௌனம் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு பெண் அடி எடுத்துக் கொடுத்துவிட்டுச் சபையின் பின்பாட்டுக்காகக் காத்திருக்கிறாள். வினையே அங்கேதான்.

மாதக் கூட்டத்தில் அதை எழுப்பினவன் வேறு யாருமல்ல, எஸ்டில். எழுந்து நின்றான். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “கிதாருக்காக நான் எழுந்திரிக்கல. என் தங்கச்சி அடி எடுத்துக் குடுத்திருக்கா. அது பொம்பளைக்கு விட்ட வேலை இல்ல. தப்புன்னு ஒத்துக்கிட்டா முடிஞ்சுது.”

“எது தப்பு? அம்மாவுக்குப் பாடினதா?” என்றாள் டெல்ஃபா.

“நீ தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

“வராதுண்ணே. வாயில வராதத எப்படிச் சொல்றது?”

எங்கள் சபையில் ஆராதனை முடியும்போது பாடிக்கொண்டே எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுப்போம். கை கொடுத்தால்தான் நீ எங்களில் ஒருத்தி. அன்று டெல்ஃபாவிடமிருந்து சபை கையை எடுத்துக்கொண்டது. அவள் மறுபடி உள்ளே வர ஒரே வழிதான்: முன்னால் வந்து “நான் செய்தது தப்பு” என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல்!

அவள் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் லான்சோ தன் பழைய டிரக்கைச் சபைக்கு வெளியே ஆற்றுப்பூவரச மரத்தடியில் நிறுத்துவான். கண்ணாடியை இறக்கிவிட்டு அவள் உள்ளிருந்து வருகிற பாட்டைக் கேட்பாள். கூடப் பாடமாட்டாள். உதடுகூட அசையாது. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு!

எஸ்டிலும் அதே ரத்தம்தானே? மழையில் அவள் கூரை ஒழுகினால் ஏணியோடு வந்து நிற்பான். வசந்தத்தில் அவள் தோட்டத்தை உழுது கொடுப்பான். குளிருக்கு விறகு பிளந்து அடுக்குவான். அவள் காப்பி கொடுத்தால் குடிப்பான். ஆனால் கிளம்பும்போது கையை மட்டும் கொடுக்கமாட்டான். இரண்டையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு போவான்.

“உங்க அண்ணன் கைய எவனோ பைக்குள்ள வெச்சுத் தெச்சுட்டான்,” என்பான் லான்சோ. அவளுக்குச் சிரிப்பு வந்த நாளும் உண்டு. அடுப்படிக்குப் போய் அழுத நாளும் உண்டு.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பாட்டுக்கு ஒரு தரம் பின்பாட்டு கேட்க வேண்டும். கெட்டிக்காரக் குரல் என்று எத்தனையோ பேர் புகழ்ந்தார்கள். பக்கத்து மாநிலத்து வானொலியில்கூடத் தட்டைப் போட்டார்கள். அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு பீன்ஸ் பானைக்குத் திரும்பிவிடுவாள். தட்டில் விட்ட அந்த இடம் அப்படியே வெறுமையாகக் கிடந்ததுதான் அவளை அரித்தது.

1990 வசந்தத்தில் குரல் கரகரக்க ஆரம்பித்தது. மாவுத் தூசு என்று நினைத்தாள். கோடை போயும் சரியாகவில்லை. லெக்சிங்டன் மருத்துவர் தொண்டைக்குள் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குரல்வளையையே எடுக்க வேண்டும். எடுத்தால் உயிர் தங்கும், பேச்சு போய்விடும். செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தைய ஞாயிறு. டிரக் அதே மரத்தடியில் நின்றது. முதல் பாட்டு முடிந்ததும் டெல்ஃபா கதவைத் திறந்து இறங்கினாள்.

“நானும் வரட்டா?” என்றான் லான்சோ.

“நீ வந்தா நான் அழுதுருவேன். இங்கயே இரு.”

உள்ளே ஊரே திரும்பிப் பார்த்தது. செய்தி எல்லோருக்கும் தெரியும். நாளை மறுநாள் அவள் ஊமை. வந்தாளே, தாயே, கடைசியில் வந்தாளே என்று பெண்கள் பெஞ்சில் மூத்தவளான ஆர்மின்டா அப்போதே கைக்குட்டையை எடுத்துவிட்டாள். டெல்ஃபா நடுப்பாதையில் நடந்து முன்னால் வந்து நின்றாள். எஸ்டில் பிரசங்கப் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சகோதரி டெல்ஃபா, சபைக்குச் சொல்ல ஏதாவது இருக்கா?”

சொல்லிவிடுவது என்றுதான் அவள் வந்திருந்தாள். உண்மை. சாலை நெடுக அந்த மூன்று சொல்லை மனசுக்குள் உருட்டிக்கொண்டே வந்திருந்தாள். ஒரு பொய், அதற்குக் கூலியாக ஒரே ஒரு முறை எல்லோரோடும் சேர்ந்து பாடுவது. தேவன் கணக்கு வைக்கமாட்டார் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள்.

*ஓடையிலே வெள்ளம், அக்கரையில் கல்லறை*

கரகரத்த குரல்தான். நடுவில் ஓட்டை விழுந்த குரல்தான். ஆனாலும் சுருதி மயிரிழை விலகவில்லை. அடியை முடித்தாள், நிறுத்தினாள், காத்திருந்தாள்.

எங்கள் வழக்கத்தில், எடுத்துக் கொடுப்பவர் நிறுத்தியதும் மூத்த பாடகன் முதலில் வாய் திறக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் சபை வரும். மூத்த பாடகன் எஸ்டில். நாற்பது ஜோடிக் கண்கள் அவன் மேல் இருந்தன. அவன் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. எதுவும் வெளியே வரவில்லை.

இருபது நொடிக்குப் பிறகு அவள் அடுத்த அடியைப் பாடினாள். காத்திருந்தாள். மூன்றாவதைப் பாடினாள்.

*தண்ணீர் வடியட்டும், வடியட்டும் தண்ணீர்*

ஆர்மின்டா கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அவள் பாடியிருக்கலாம். நாங்கள் யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம். வெட்கக்கேடு, ஒருவரும் பாடவில்லை.

*தோளில் சுமந்தே கடப்போம் உன்னை*

நான்காவது அடிக்கும் முழு நேரம் காத்திருந்துவிட்டு டெல்ஃபா திரும்பி நடந்தாள்.

“பாடினாங்களா?” என்றான் லான்சோ.

“இல்ல.”

அவன் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டான். “ஏறு. பசிக்குது,” என்றான். வழி நெடுக ஒரு கையால் ஓட்டினான். மறு கை அவள் கைமேல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை குரலை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கழுத்தில் ஒரு துளையும் மடியில் ஒரு சிலேட்டுமாக வீடு திரும்பினாள். ஊரார் கேக்கும் கோழிக்கறியும் கொண்டுவந்து குவித்தார்கள். யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எஸ்டில் மட்டும் வரவில்லை. விறகு மட்டும் விடிவதற்குள் அடுக்கப்பட்டிருந்தது.

நவம்பரில் ஒரு பிற்பகல், கக்கத்தில் ஒரு காகிதப் பையோடு அவன் வாசலில் நின்றான்.

“என்ன மச்சான், வழி தெரிஞ்சுதா?” என்றான் லான்சோ. “இல்ல, விறகு எண்ண வந்தியா?”

“திட்டணும்னா உள்ள உக்காந்து திட்டு, லான்சோ. எனக்கு முட்டி வலிக்குது.”

டெல்ஃபா ஜன்னலோரம் இருந்தாள். எஸ்டில் எதிரே உட்கார்ந்து பையிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான். நீலப் பூப்போட்ட சட்டை. அட்டையின் மூலைகள் மழுங்கியிருந்தன. அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

“பர்லிகிட்ட வாங்கினேன். வந்த மொத வாரமே. யார்கிட்டயும் சொல்லாதன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். பாவம், மனுசன் கடைசி வரைக்கும் சொல்லல.”

அவள் தட்டை உருவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பத்துப் பாட்டு ஓடுகிற இடமெல்லாம் கறுப்பு மினுமினுப்பு, புதுத்தட்டு தோற்றுப் போகும். கடைசிப் பாட்டு மட்டும் முள் ஓடி ஓடிச் சாம்பல் பூத்திருந்தது.

“சோளக் கொட்டகையில ஒரு பழைய பாட்டுப் பெட்டி வெச்சிருக்கேன். அங்கதான் கேப்பேன்.” எஸ்டில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். “டெல்ஃபா, அது பொம்பள வேலை இல்லன்னு நான் சொன்னேனே, அது நெசம் இல்ல. பொறாமை. அம்மா பெட்டிக்கு இந்தப் பக்கம் நீ உக்காந்திருந்த, அந்தப் பக்கம் நான் உக்காந்திருந்தேன். அதே ரெண்டு நாள். ஊருக்கே அடி எடுத்துக் குடுக்கிறவன் நான். எனக்கு ஒரு அடி வரல. உனக்கு வந்துச்சு. அத என்னால தாங்கிக்க முடியல.”

அவள் தட்டை மடியில் வைத்தாள்.

“அன்னிக்கு சபையில வாயத் தொறந்தேன். பாடணும்னுதான் தொறந்தேன். சத்தம் வரல.”

டெல்ஃபா சிலேட்டை எடுத்துக் கிறுக்கி அவன் பக்கம் திருப்பினாள். *இப்ப எனக்கும் அதே கதைதான்.*

எஸ்டில் படித்தான். ஒரு சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. பாதியிலேயே அது அழுகையாக மாறியது. அறுபத்தாறு வயசு மனுஷன், குழந்தை மாதிரி தோள் குலுங்க அழுதான். லான்சோ எழுந்துபோய்த் தட்டைப் பாட்டுப் பெட்டியில் வைத்து, முள்ளைக் கடைசிப் பாட்டில் இறக்கினான்.

நாற்பத்தொரு வயது டெல்ஃபா பாடினாள். முழுக் குரல், பழுதில்லாத குரல், மேலே ஏறி நடுங்குகிற அந்த இடம். ஜன்னலோரத்து டெல்ஃபாவின் விரல்கள் தானாகக் கழுத்துத் துணியைத் தொட்டன. அடி முடிந்தது. மௌனம் வந்தது.

அந்த மௌனத்தில் எஸ்டில் வாய் திறந்தான். கிழட்டுக் குரல், சளி கட்டிய குரல். இழுத்து, நெளித்து, எங்கள் சபை பாடுகிற அதே மெதுவோடு அந்த அடியைப் பாடி முடித்தான். முடித்த அதே கணத்தில் தட்டிலிருந்து அடுத்த அடி வந்தது. இருபது நொடி, ஒரு துளி கூடவுமில்லை, குறையவுமில்லை. பத்தொன்பது வருஷம் கொட்டகையில் உட்கார்ந்து அவன் வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அவள் உதடுகள் கூடவே அசைந்தன. காற்று மட்டும் வந்தது.

பாட்டு முடிந்து முள் உரசிக்கொண்டு ஓடியது. எஸ்டில் எழுந்தான். பழக்கத்தில் கால்சட்டைப் பைக்குள் போன வலது கையை வெளியே எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

டெல்ஃபா அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. சிலேட்டை எடுத்துத் துடைத்துவிட்டு, பொறுமையாக எழுதித் திருப்பினாள்.

*மூணாவது அடியில பிந்திட்ட. மொதல்லேர்ந்து பாடு.*

“பிந்தினேனா?” என்றான் எஸ்டில். நாற்பது வருஷம் ஊருக்கே அடி எடுத்துக் கொடுத்தவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மூன்றாவது அடியை வாய்க்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தான். “ஆமா, பிந்திட்டேன்,” என்றான்.

அப்போதுதான் அவள் எழுந்து அவன் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமலேயே, மறு கையால் முள்ளைத் தூக்கிப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தாள்.